முழங்கை வலிக்கிறது, டைமண்ட் ராக்கெட்டை மாற்றலாமா?

ஃபீனிக்ஸ் டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் இருக்கிறேன். வயது 43, பள்ளியில் கணக்கு ஆசிரியை. கண்ணாடிச் சுவர் சூழ்ந்த கோர்ட்டில் ஜோடியாக ஆடும், டென்னிஸ் மாதிரியான பேடல் ஆட ஆரம்பித்துப் பத்து மாதம் ஆகிறது. செவ்வாய் இரவும் சனிக்கிழமை காலையும் உம்லங்கா பக்கம் திறந்தவெளி கோர்ட்டில் ஆடுகிறோம். ஜோடி என் தம்பி. அவன் இடது பக்கம், நான் வலது பக்கம். இருவருக்கும் வலதுகைப் பழக்கம். படிக்கிற காலத்தில் பேட்மிண்டன் நிறைய ஆடியிருக்கிறேன், அதனால் வலையருகே கை தானாக ஓடும். பின்கண்ணாடியில் பட்டுத் திரும்பும் பந்துதான் இன்னும் பிடிபடவில்லை.

முதல் ஐந்து மாதம் கிளப்பில் வாடகைக்குக் கொடுக்கும் ராக்கெட்டில்தான் ஆடினேன். வட்டத் தலை, ஓரமெல்லாம் பெயிண்ட் உதிர்ந்தது, பெயர்கூடப் படிக்க முடியாது. டிசம்பரில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து பணம் கொடுத்தார்கள், சொந்தமாக ஒன்று வாங்கப் போனேன். கடையில் இருந்தவர் கேட்டது ஒரே கேள்வி: "ஸ்மாஷ் அடிக்கப் பிடிக்குமா?" பிடிக்கும் என்றேன். டைமண்ட் வடிவம், முகம் முழுக்கக் கார்பன், 370 கிராம் என்று எழுதியிருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

ஸ்மாஷ் முன்பைவிட நன்றாகப் போகிறது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பின்னாலிருந்து எதிரிகளின் தலைக்கு மேலாகத் தூக்கும் லாப் எல்லாம் பாதி கோர்ட்டிலேயே விழுகிறது. எதிரில் இருப்பவர்கள் ஒரு அடிகூடப் பின்வாங்காமல் நின்ற இடத்திலேயே அடித்து முடிக்கிறார்கள். ஆறு வாரமாக வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலி வேறு. கரும்பலகையில் கை தூக்கி எழுதினால் வலிக்கிறது, ரொட்டி தேய்த்தால் வலிக்கிறது. நேற்று கெட்டிலைத் தூக்கும்போது சுருக்கென்று இழுத்தது.

குறை ராக்கெட்டில் இருக்கிறதா, என் ஆட்டத்தில் இருக்கிறதா? மாற்றுவதென்றால் 3,000 ராண்டுக்குள் முடிக்க வேண்டும். இன்னொன்று, ஜூலை விடுமுறைக்கு ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் அண்ணன் வீட்டுக்குப் போகிறோம், அங்கேயும் ஒரு வாரம் ஆடுவோம். ஜோபர்க்கில் பந்து பறக்கும் என்கிறார்கள். டர்பனுக்கும் அங்கேயும் ஒரே ராக்கெட் போதுமா?


மிட்ராண்ட் இடதுகை

அக்கா, வணக்கம். அவசரப்பட்டு டைமண்டைக் கொடுத்துவிடாதீர்கள் என்பேன். எனக்கு 29 வயது, இரண்டரை வருடமாக டைமண்டில்தான் ஆடுகிறேன். ஆரம்பத்தில் எனக்கும் லாப் குறைந்தது, கை பழக மூன்று மாதம் பிடித்தது. இப்போது வேறு எதைப் பிடித்தாலும் காலியாக இருக்கிறது. ஜோபர்க்கில் ஸ்மாஷ் சரியாக விழுந்தால் பந்து குதித்து பின்சுவரைத் தாண்டியே வெளியே போய்விடும், அந்த சுகம் தனி. வலி பொறுக்க முடியவில்லை என்றால் நடுவழியாக டியர்டிராப் (கண்ணீர்த்துளி) வடிவம் பாருங்கள். உலக முதல் ஜோடியில் ஆடிப் பெயர் வாங்கிய அகுஸ்தின் தாப்பியா பெயரில் வந்த நாக்ஸ் கம்பெனியின் ஏ.டி.10 ஜீனியஸ் கூட டியர்டிராப்தான், டைமண்ட் இல்லை. அவரைவிடப் பலமாக அடிக்க நமக்கு எதுவும் தேவையில்லை.


பழைய ஸ்ட்ரிங்கர்

தங்கச்சி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். பதில் நீளமாகத்தான் வரும். எனக்கு 61 வயது. பிறந்து வளர்ந்தது சாட்ஸ்வொர்த். 30 வருடம் டென்னிஸ் ராக்கெட்டுகளுக்கு ஸ்ட்ரிங் கட்டிக் கொடுத்துப் பிழைத்தேன். மகள் வேலை ஜோபர்க்கில் என்பதால் நானும் இப்போது இங்கே. பேடல் பிடித்து நாலு வருடம் ஆகிறது. வருடத்தில் இரண்டு மாதம் டர்பனுக்கு வந்து தங்குவேன், அதனால் இரண்டு ஊர் கோர்ட்டும் கைக்குத் தெரியும்.

கடையில் உங்களிடம் கேட்ட கேள்வியே தவறு. ஸ்மாஷ் யாருக்குத்தான் பிடிக்காது? கேட்டிருக்க வேண்டியது, "எங்கே நிற்கும்போது பாயிண்ட் போகிறது?" என்பது. அதற்கு நீங்களே பதில் எழுதிவிட்டீர்கள். வலது பக்கம், பின்கண்ணாடி, லாப் குறைகிறது. நமக்குக் கைவராத இடத்தில் நமக்கு உதவுவதுதான் ராக்கெட்டின் வேலை. நன்றாக வருவதை அது பார்த்துக்கொள்ளத் தேவையில்லை, உங்கள் பேட்மிண்டன் கை பார்த்துக்கொள்ளும்.

இரண்டு வலதுகைக்காரர்கள் ஜோடி சேர்ந்தால் நடுவில் உயர்ந்து வரும் பந்து இடது பக்கம் நிற்பவரின் ஃபோர்ஹேண்ட் பக்கம்தான் வரும். ஆகவே பெரிய ஸ்மாஷ் பெரும்பாலும் உங்கள் தம்பியுடையது. வலது பக்கம் நிற்பவர் பாயிண்டைக் கட்டி எழுப்புகிறவர். ஆழமான லாப் போட்டு எதிரிகளை வலையிலிருந்து பின்னுக்குத் தள்ளுவது, மெதுவாகக் காலடியில் பந்தைப் போடுவது, தலைக்கு மேல் வருவதை பந்தேஹாவாக (ஸ்மாஷ் போல ஓங்காமல் அடக்கி அடிப்பது) வெட்டி வலையை விடாமல் பிடித்துக்கொள்வது, இவையெல்லாம் உங்கள் வேலை. அலெஹாந்த்ரோ காலானோடு ஜோடி சேர்ந்து பெயர் வாங்கிய பேடல் வீரர் ஃபெதெரிக்கோ சிங்கோட்டோவை யூட்யூபில் பாருங்கள். உயரம் குறைந்தவர், வலது பக்கம் ஆடுகிறவர். பந்து அவர் ராக்கெட்டில் பட்டு எவ்வளவு அமைதியாகக் கிளம்புகிறது என்று மட்டும் கவனியுங்கள். எனக்கு அவர் ஆட்டத்தைப் பார்த்தால் அலுப்பதே இல்லை.

சரி, ராக்கெட்டுக்கு வருவோம். விதிப்படி நீளம் 45.5 சென்டிமீட்டர், அகலம் 26 சென்டிமீட்டர், தடிமன் 38 மில்லிமீட்டர், இதற்கு மேல் எந்தக் கம்பெனியும் போக முடியாது. அப்படியென்றால் வட்டம், டியர்டிராப், டைமண்ட் என்று பிரிப்பதெல்லாம் இந்த எல்லைக்குள் எடையை எங்கே வைப்பது என்கிற கணக்குதான். டைமண்டில் அகலமான பகுதி மேலே இருக்கும், எடையும் மேலே ஏறும். பந்து நன்றாகப் படவேண்டிய இடமும் மேலே போய்ச் சிறுத்துவிடும். கை தலைக்கு மேல் நீண்டு, நேரத்துக்குப் பந்தைச் சந்திக்கும் ஸ்மாஷுக்கு அது பொருத்தம். கண்ணாடியில் பட்டு இடுப்பளவில் திரும்பும் பந்தை, உடம்பைத் திருப்பி, அவசரமாக எடுக்கும்போது அந்தச் சிறிய இடத்தில் படுவது அபூர்வம். கீழே பட்டால் பந்து செத்துப்போகும், அதிர்ச்சி கைக்கு வரும். வட்டத் தலையில் அந்த இடம் நடுவில், பெரிதாக இருக்கும். கொஞ்சம் தவறினாலும் மன்னிக்கும். நீங்கள் வாடகை ராக்கெட்டில் ஐந்து மாதம் வலியில்லாமல் ஆடியதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இன்று இரவே ஒரு சோதனை செய்து பாருங்கள். சமையலறைத் தராசில் ராக்கெட்டை வையுங்கள். கடையில் எழுதியிருக்கும் எடை வெறும் ராக்கெட்டுக்கு, அதையும் 360 முதல் 375 வரை என்று வீச்சாகத்தான் போடுவார்கள். கைப்பிடி மேல் சுற்றும் ஓவர்கிரிப், தலையில் ஒட்டும் பாதுகாப்பு டேப் எல்லாம் சேர்ந்தால் 10, 15 கிராம் கூடிவிடும். எடையைக் குறித்துக்கொண்ட பிறகு ஒரு பென்சிலை மேசையில் படுக்கவைத்து, அதன்மேல் ராக்கெட்டைக் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். கைப்பிடியின் அடியிலிருந்து அந்த இடம் வரை அளந்தால் அதுதான் பேலன்ஸ். 25.5 சென்டிமீட்டர் சுற்றி வந்தால் எடை கீழே இருக்கிறது என்று பொருள். 27ஐத் தொட்டால் தலை கனம். ஒரே 370 கிராம்தான், ஆனால் தலை கனத்த ராக்கெட் கையில் 390 போல இழுக்கும். மிட்ராண்ட் தம்பிக்கும் இதைச் சொல்கிறேன், நீங்களும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

இனி உள்ளே இருக்கும் ரப்பர். எல்லோரும் தலைகீழாகப் புரிந்துகொள்வது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். பேடல் ராக்கெட்டில் ஸ்ட்ரிங் கிடையாது. துளை போட்ட இரண்டு முகங்களுக்கு நடுவே ஈ.வி.ஏ. என்கிற நுரைரப்பர் இருக்கும், சிலவற்றில் அதைவிட மென்மையான ஃபோம். முகம் ஃபைபர்கிளாஸ் அல்லது கார்பன். கடினமான ராக்கெட்தான் பலமானது என்று கடையில் சொல்வார்கள். அது கை வேகமாக வீசுகிறவருக்கு மட்டும் உண்மை. மெதுவாக வீசினால் பந்து மென்மையான ரப்பருக்குள் கொஞ்சம் அமுங்கி, அதுவே திருப்பித் தள்ளிவிடும். ஸ்பெயின்காரர்கள் இதை ராக்கெட்டின் சலீதா என்பார்கள், பந்து தானாகக் கிளம்புவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடினமான ரப்பரை அமுக்க உங்கள் வீச்சுதான் வலு கொடுக்க வேண்டும். பின்கண்ணாடிக்குப் பக்கத்தில் இடம் நெருக்கி, கை முழுதாக வீச முடியாமல் நிற்கிறீர்கள். அங்கே கடினமான ராக்கெட் பந்தை எழுப்பாது. லாப் பாதி கோர்ட்டில் விழுவதற்கு உங்கள் ஆட்டத்தைக் குறை சொல்லிக்கொள்ளாதீர்கள், பெரும்பகுதி இதனால்தான்.

கார்பனில் 3கே, 12கே, 18கே என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். ஒரு இழைக்கட்டில் எத்தனை ஆயிரம் நார்கள் என்பதுதான் அந்த எண். எண் கூடினால் தரம் கூடும் என்று அர்த்தமில்லை. எத்தனை அடுக்கு, என்ன பிசின், உள்ளே எந்த ரப்பர், இவை சேர்ந்துதான் கைக்குத் தெரிவது தீர்மானமாகிறது. உங்கள் நிலைக்கு அந்த எண்ணுக்காக ஒரு ராண்ட்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். ஃபைபர்கிளாஸ் முகம் வளைந்து கொடுக்கும், விலையும் குறைவு, கைக்கும் இதம்.

ஜோபர்க் பற்றிக் கேட்டீர்கள். ஊர் கடல்மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றழுத்தம் டர்பனைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்தைத் தடுக்கக் காற்று குறைவு என்பதால் அது வேகமாகவும் தூரமாகவும் போகும். வெளி அழுத்தம் குறைந்ததால் பந்துக்குள் இருக்கும் காற்று இன்னும் இறுக்கமாக நின்று, குதிப்பதும் கூடும். 500 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர்களில் குதிப்புக் குறைந்த வேறு வகைப் பந்தைப் பயன்படுத்தலாம் என்று விதியிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். ஆகையால் இங்கே பலம் என்பது இலவசம், அடக்குவதுதான் கஷ்டம். மிட்ராண்ட் தம்பி சொல்கிற ஸ்மாஷ் சுகத்தில் பாதி இந்த ஊர்க் காற்று கொடுப்பது. அதே ராக்கெட்டை எடுத்துக்கொண்டு உம்லங்காவில் ஒரு பிப்ரவரி இரவில் ஆடிப் பார்த்தால் தெரியும்.

டர்பன் நேர் எதிர். கடல்மட்டம், ஈரம். ஈரக் காற்று பந்தை நிறுத்துவதில்லை, உண்மையில் ஈரமான காற்று லேசானது. பந்தின் மேல் இருக்கும் கம்பளி ஈரத்தைக் குடித்துக் கனத்துப்போவதுதான் காரணம். இரவானால் கண்ணாடியில் பனி படிந்து, பந்து குதிக்காமல் வழுக்கிக் கீழே இறங்கும். அந்தப் பந்தைத் தோண்டி எடுத்து ஆழமாக லாப் போட, தானாகத் தள்ளும் மென்மையான ரப்பர் வேண்டும். இங்கே ஜோபர்க்கில் ஜூலை இரவுகளில் குளிர் மூன்று, நாலு டிகிரிக்கு இறங்கும். குளிரில் ஈ.வி.ஏ. இறுகும். டர்பன் வெயிலில் நடுத்தரமாக இருந்த ராக்கெட் இங்கே முதல் அரைமணி நேரம் பலகை போல இருக்கும். ஆக இரண்டு ஊருக்கும் சேர்த்துச் சொன்னால்கூட மென்மைப் பக்கம் சாய்வதே உங்களுக்கு நல்லது. ஒரு ராக்கெட் போதும். ராக்கெட்டைக் காரில் போட்டுப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள், வெயிலானாலும் குளிரானாலும் அந்த ரப்பர் கெடும்.

என் கணக்கில் உங்களுக்கு வேண்டியது இது: வட்டத் தலை, அல்லது வட்டத்தை ஒட்டிய டியர்டிராப். 345 முதல் 360 கிராம். தாழ்ந்த பேலன்ஸ். மென்மையான அல்லது நடுத்தர ஈ.வி.ஏ. ஃபைபர்கிளாஸ் முகம். பெயர் சொல்லிக் கேட்டால் நாக்ஸ் எம்.எல்.10 ப்ரோ கப் பல வருடமாக இந்த வகையில் நிற்கும் ராக்கெட். பேடல் வீரர் மிகேல் லம்பெர்த்தி பெயரில் வந்தது, வட்டம், ஃபைபர்கிளாஸ். அதில் கொஞ்சம் எடை கூடிய துண்டுகளும் வரும், தராசில் வைத்து வாங்குங்கள். மற்றக் கம்பெனிகளிலும் இதே குணத்தில் உண்டு. போன வருட மாடல் என்றால் விலை நன்றாக இறங்கும், அதற்குத் தயங்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் ஆடிப் பார்க்கக் கொடுக்கும் இடமாகத் தேடுங்கள். ஸ்மாஷ் அடித்துப் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள், அது எல்லாவற்றிலும் நன்றாகத்தான் இருக்கும். தம்பியை எதிர்ப்பக்கம் நிறுத்தி, பின்கண்ணாடியில் பட்டு வரும்படி 20 பந்து அனுப்பச் சொல்லுங்கள். இருபதையும் லாப் போடுங்கள். சர்வீஸ் கோட்டுக்கும் பின்கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் அந்த 3 மீட்டர் பட்டைக்குள் எத்தனை விழுகிறது என்று எண்ணுங்கள். ஒரு மணி நேரம் ஆடிக் களைத்த பிறகு இன்னொரு முறை எண்ணுங்கள். இரண்டாவது எண்தான் எனக்கு முக்கியம்.

இதையெல்லாம் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் வருடம் எனக்கும் ஒரு கடையில் தலை கனத்த ராக்கெட்டைக் கொடுத்தார்கள். வலியோடு ஆறு வாரம் ஆடினேன், அப்புறம் நாலு மாதம் ஆடவே முடியவில்லை. 30 வருடம் ஸ்ட்ரிங் கட்டின கையால் ஒரு பாட்டில் மூடியைத் திறக்க முடியாமல் பேத்தியிடம் கொடுத்தேன். நீங்கள் இப்போது அந்த ஆறாவது வாரத்தில் இருக்கிறீர்கள்.


சாட்ஸ்வொர்த் பிசியோ

அக்கா, ராக்கெட் பற்றி அண்ணா எல்லாம் சொல்லிவிட்டார். நான் முழங்கையை மட்டும் பேசுகிறேன். வெளிப்பக்கம் வலி, கெட்டில் தூக்கினால் வலி, கரும்பலகையில் எழுதினால் வலி என்றால், மணிக்கட்டைப் பின்னால் மடக்கும் தசை முழங்கை எலும்பில் ஒட்டும் இடத்தில் தொந்தரவு என்று சந்தேகம் வருகிறது. டென்னிஸ் எல்போ என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆறு வாரம் ஆகிவிட்டதால் தயவுசெய்து ஒருமுறை யாரிடமாவது காட்டுங்கள்.

ராக்கெட்டை மாற்றினால் சுமை குறையும், ஆனால் கைப்பிடியையும் பாருங்கள். பேடல் ராக்கெட்டுகள் பெரும்பாலும் ஒரே அளவு கைப்பிடியோடு வரும், அது மெல்லியது. கைக்குச் சிறியதாக இருந்தால் நழுவாமல் இருக்க உங்களை அறியாமல் இறுக்கிப் பிடிப்பீர்கள். டர்பன் வியர்வையில் இன்னும் இறுக்குவீர்கள். அந்தத் தசை பாயிண்ட் முழுக்க ஓய்வில்லாமல் வேலை செய்யும். பிடித்தபோது விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் மற்றக் கையின் ஒரு விரல் நுழையும் அளவு இடம் இருக்கிறதா பாருங்கள். விரல் நுனி உள்ளங்கையில் குத்தினால் இன்னொரு ஓவர்கிரிப் சுற்றுங்கள். ஒரு ஓவர்கிரிப் சுமார் 5 கிராம். அந்த எடை கைப்பிடியில் சேர்வதால் பேலன்ஸும் கொஞ்சம் கீழே இறங்கும், உங்களுக்கு நல்லதுதான்.

பேட்மிண்டன் ஆடியவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது, மணிக்கட்டைச் சுண்டி அடிப்பது. ஷட்டில் ஐந்து கிராம், பேட்மிண்டன் ராக்கெட் 90 கிராம்கூட வராது. பேடலில் பந்தே 56 கிராமுக்கு மேல். அதே சுண்டலை 370 கிராமோடு செய்தால் முழங்கைதான் தாங்கவேண்டும். தோளையும் இடுப்பையும் திருப்பி, பந்தை உடம்புக்கு முன்னால் சந்திக்கப் பழகுங்கள். வலி குறையும் வரை வாரத்தில் ஒரு நாள் போதும். ஒரு தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, மேசை விளிம்பில் முன்கையை வைத்து, மற்றக் கையால் மணிக்கட்டை உயர்த்திவிட்டு மெதுவாகக் கீழே இறக்குங்கள். 15 முறை, நாளுக்கு மூன்று தடவை. சுருக்கென்ற வலி வந்தால் பாட்டிலில் தண்ணீரைக் குறையுங்கள்.


மிட்ராண்ட் இடதுகை

அண்ணா சொன்னபடி அளந்தேன். 365 என்று எழுதியது தராசில் 383 வருகிறது, பேலன்ஸ் 27.2. நான் ஜிம் போகிறவன், எனக்கு வலியில்லை. ஆனால் அக்காவுக்கு நான் சொன்ன "மூன்று மாதம் பழகுங்கள்" என்பதைத் திரும்பப் பெறுகிறேன். வலியோடு பழகக் கூடாது.


ஃபீனிக்ஸ் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. லெனேசியாவிலிருந்து நேற்றுதான் திரும்பினோம், எல்லாம் முடித்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

என் டைமண்ட் தராசில் 386 கிராம், பேலன்ஸ் 27. பிசியோ தங்கையின் விரல் சோதனையில் என் விரல் நுனி உள்ளங்கையில் நன்றாகவே குத்தியது. அடுத்த வாரமே ஒரு பிசியோவிடம் போனேன், அவரும் அதே இடத்தைத்தான் அழுத்திக் காட்டினார். மூன்று வாரம் ஆடவில்லை, பாட்டில் பயிற்சி மட்டும்.

அப்புறம் ஆடிப் பார்க்கக் கொடுக்கும் ஒரு கடை கிடைத்தது. டைமண்ட், ஒரு டியர்டிராப், ஒரு வட்டம், மூன்றையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை காலை கோர்ட்டுக்குப் போனோம். கை பொறுக்க வேண்டுமென்று மூன்று சனிக்கிழமையாகப் பிரித்துச் செய்தேன். தம்பி பந்து அனுப்ப, ஸ்ட்ரிங்கர் அண்ணா சொன்ன பட்டைக்குள் விழுந்ததை என் மகள் எண்ணினாள். முதலில் டைமண்டில் 20க்கு 8, டியர்டிராப்பில் 12, வட்டத்தில் 13. டியர்டிராப்பே போதுமே, ஸ்மாஷும் இருக்குமே என்று அந்த நேரத்தில் தோன்றியது. ஒரு மணி நேரம் ஆடிய பிறகு எண்ணியபோது டைமண்ட் 3, டியர்டிராப் 7, வட்டம் 12. அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. போன வருட மாடல், வட்டம், ஃபைபர்கிளாஸ், 352 கிராம், 2,600 ராண்ட். இரண்டு ஓவர்கிரிப் சுற்றியிருக்கிறேன்.

லெனேசியாவில் முதல் இரவு ஸ்ட்ரிங்கர் அண்ணா எழுதியது அப்படியே நடந்தது. குளிரில் ராக்கெட் விறைத்துப்போய் ஒவ்வொரு அடியும் மணிக்கட்டில் தெரிந்தது. அண்ணி ஒரு வழி சொன்னார்: ஆடுவதற்கு முன் ராக்கெட்டை உறையோடு வீட்டுக்குள்ளேயே வைத்திருந்து, ஜாக்கெட்டுக்குள் அணைத்து எடுத்துப் போவது. மறுநாள் அப்படிச் செய்தேன், வித்தியாசம் தெரிந்தது. லாப் முதல் நாள் எல்லாம் நேராகக் கண்ணாடியில் போய் மோதியது. வீச்சைப் பாதியாகக் குறைத்துக்கொண்டேன், மூன்றாம் நாள் அடங்கியது. டைமண்டை எடுத்துப் போயிருந்தால் எங்கே போய் விழுந்திருக்குமோ.

டைமண்ட் இப்போது தம்பியிடம். இடது பக்கம் அவன் கையில் அது வேறு பொருளாகவே இருக்கிறது. அவன் ஸ்மாஷுக்குப் பந்து உயர்ந்து வரவேண்டுமே, அதற்கு நான் லாப் போட வேண்டும். சேர்த்து வைத்த மாதிரி அமைந்துவிட்டது.

வலி முழுதாகப் போகவில்லை. கரும்பலகையில் மேல் வரியில் எழுதும்போது இன்னும் லேசாகத் தெரிகிறது. கெட்டிலை வலது கையால் தூக்குகிறேன்.


பழைய ஸ்ட்ரிங்கர்

களைத்த பிறகு 12. அந்த எண்ணைப் பார்த்ததும் மனம் நிறைந்தது, தங்கச்சி. டர்பன் வியர்வையில் ஓவர்கிரிப்பை நாலைந்து ஆட்டத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், வழுக்க ஆரம்பித்தால் மறுபடி இறுக்கிப் பிடிப்பீர்கள். செப்டம்பரில் டர்பன் வருகிறேன். உம்லங்காவில் ஒரு செவ்வாய் இரவு தம்பியோடு நீங்கள் ஒரு பக்கம், நானும் என் மகளும் மறுபக்கம்.